விமானிகளுக்கு மலையைக் கற்பியுங்கள்

எல்ல என்றவுடன் வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒன்பது வளைவுப் பாலமும் இராவணா அருவியும் நினைவுக்கு வரும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நினைவில் நிற்பது வேறொன்று. தெற்குப் பக்கமாக மலை சட்டென்று பிளந்து வழிவிடும் அந்த இடைவெளி. 'எல்ல கேப்' என்று எல்லோரும் சொல்வார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் நின்றுகொண்டு, வானம் தெளிந்த நாளில் வெல்லவாயச் சமவெளியையும் அதற்கப்பால் தென்கரை நோக்கி விரியும் நிலத்தையும் பார்க்கலாம். மூடுபனி ஏறிவிட்டாலோ கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அடுத்த நிரையில் நிற்பவளின் கூடைகூடத் தெரியாது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் அரைமணி நேரம் கழிந்தால் அதிகம்.

தேயிலைக்கு நல்லதான இந்தப் பனி, விமானத்துக்கு எமன். இராணுவ விமானிகளுக்கான பயிற்சித் தரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு, ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழுந்து அடங்குகிறது. அதைப் பற்றி மலையிலிருந்து பார்ப்பவனாகச் சில சொல்ல விரும்புகிறேன்.

2020 ஜனவரி 3ஆம் திகதி காலை, வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பணிக்காகப் புறப்பட்ட இலங்கை விமானப்படையின் வை-12 ரக விமானம் ஹப்புத்தளையில் விழுந்தது. அதிலிருந்த விமானப்படையினர் நால்வரும் உயிரிழந்தனர். வீரவில கடலோரச் சமவெளி. ஹப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். எல்லயிலிருந்து ரயிலில் ஏறினால் பண்டாரவளை, தியத்தலாவை கடந்து வருவது. அந்த விபத்துக்கு யார் காரணம், எது காரணம் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. அதற்கென விமானப்படை ஒரு விசாரணைக்குழுவை அமைத்தது. நான் சொல்ல வருவது அந்த மலையைப் பற்றி.

இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், பாக்கு நீரிணைக்கு அப்பால் இன்னொரு தேயிலை மலையில் இதே போன்றதொரு செய்தி. 2021 டிசெம்பர் 8ஆம் திகதி, இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவருடைய துணைவியாரும் பயணித்த எம்.ஐ.-17 ஹெலிகொப்டர், நீலகிரியில் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் மோதி எரிந்தது. பதினான்கு பேரில் பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரத்தில் மருத்துவமனையில் இறந்தார். முதலில் ஓடிச் சென்றவர்கள் அந்தச் சிற்றூரின் மக்கள். கம்பளியும் தண்ணீரும் அவர்கள் வீட்டிலிருந்து போயின.

நீலகிரிக்கும் ஊவாவுக்கும் உள்ள உறவு வெறும் தேயிலை உறவு மட்டுமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்களில் கணிசமானோர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். ஆகவே வானிலிருந்து இரும்பு விழுந்தால் இரு கரையிலும் முதலில் ஓடுகிறவர்கள் ஒரே வம்சத்து மக்கள். விமானப் பயிற்சியைப் பற்றிப் பேசத் தோட்டத்து மனிதனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

இதற்கும் மூத்த விபத்து ஒன்றுண்டு. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தனர். விமானம் பழுதுபடவில்லை. தாம் நிற்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, விமான நிலையம் நெருங்கிவிட்டதென்று எண்ணி, விமானிகள் இறங்கத் தொடங்கினார்கள். இருட்டில் மலை காத்திருந்தது.

நல்ல நிலையிலுள்ள விமானம், விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தபடியே, தரையிலோ மலையிலோ போய் மோதுவதற்கு விமானத்துறையில் தனிப்பெயரே இருக்கிறது. கட்டுப்பாட்டுடன் நிலத்தில் மோதல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். குன்னூர் விபத்துக்கும் இந்திய விமானப்படை 2022 ஜனவரியில் வெளியிட்ட முதற்கட்ட முடிவில் இதே சொல்லைத்தான் பயன்படுத்தியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியது, ஹெலிகொப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்று அந்த அறிக்கை கூறியது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ கவனக்குறைவோ இல்லை என்றும் அது சேர்த்துச் சொன்னது.

மலை என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு விமானம் திரும்புவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 185 கிலோமீற்றர் வேகத்தில், 30 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு ஏறத்தாழ 930 மீற்றர் அகலம் தேவை. அதே சாய்வில் வேகம் 280 கிலோமீற்றர் ஆனால் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். பள்ளத்தாக்கு அவ்வளவு அகலம் இல்லையென்றால்? இன்னும் அதிகம் சாய்க்கலாம். ஆனால் 60 பாகை சாய்த்தால் இறக்கைகள் தாங்கவேண்டிய பாரம் இரு மடங்காகிறது. விமானம் தாங்குவிசையை இழந்து விழுவதற்கான வேகவரம்பும் நாற்பது சதவீதம் உயர்ந்துவிடுகிறது. ஆகவே பள்ளத்தாக்கினுள் நுழையும் முன்பே திரும்பும் வழியைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். உள்ளே போன பிறகு கணக்குப் போட நேரமில்லை.

காற்றும் அப்படித்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்று ஊவாப் பக்கம் சரிந்திறங்குகிறது. அந்தக் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் பெற்ற மணம் கிடைக்கிறது. தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று, மலையின் மறைவுப் பக்கத்தில் பறக்கும் சிறிய விமானத்தைக் கீழ்நோக்கி அமுக்கும். டிசெம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை. அப்போது பனியும் தாழ்ந்த மேகமும். ஆண்டுக்கு இரண்டு முகம் காட்டும் மலை இது. சமவெளி ஓடுபாதையில் பறந்து தேர்ச்சி பெற்றவருக்கு இந்த இரண்டு முகங்களும் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. யாராவது அழைத்து வந்து காட்ட வேண்டும்.

மேகத்துக்குள் புகுந்தால் மனித உடலே பகையாகிவிடுகிறது. நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் நாம் திரும்புவதை உணர்த்துபவை. ஆனால் திருப்பம் மெதுவாகவும் சீராகவும் நீடித்தால், சற்று நேரத்தில் அவை அதை உணர்வதை நிறுத்திவிடும். நேராகப் போகிறோம் என்றே விமானி நம்புவார். விமானமோ சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில்லாத இருபது பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெளிக்காட்சி மறைக்கப்பட்டதும் இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு எடுத்த நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

தன் உடல் சொல்வதை நம்பாமல் கருவி சொல்வதை நம்பும் பழக்கம் ஒருநாளில் வருவதன்று; ஒருமுறை வந்தால் நிலைப்பதுமன்று. பயிற்சித் தரம் என்று நான் சொல்வது பட்டமளிப்பு நாளில் மார்பில் குத்தும் இறக்கைச் சின்னத்தை மட்டுமன்று. ஆறுமாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை, மூத்த அதிகாரியானாலும் விடாமல், திரும்பத் திரும்பச் சோதிக்கப்படும் பழக்கத்தையே சொல்கிறேன்.

அடுத்தது வாய். ஆம், வாய்தான். 1977 மார்ச் 27ஆம் திகதி தெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மடிந்தார்கள். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு அகலவில்லையோ என்ற ஐயம் விமானியறையில் இருந்த இளையவருக்கு எழுந்தது. அவர் கேட்டார், ஆனால் அழுத்திக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு போர்ட்லாந்தில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைத் தலைமை விமானிக்கு உறைக்கும்படி சொல்ல உடனிருந்தவர்களால் இயலாமற்போனது. இவற்றின் பின்னர் 1979இல் நாசா நிறுவனம் ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைட்டட் நிறுவனம் இதற்கென்றே பயிற்சி தொடங்கியது. இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் பாடம்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது நன்றாகப் புரியும். மழை பெய்த மறுநாள் எந்தச் சரிவு வழுக்கும் என்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். கங்காணிக்குச் சொல்லத் துணியமாட்டாள். கங்காணிக்குத் தெரிந்தாலும் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லமாட்டார். துரை வரை அந்தச் செய்தி போகாது. படைமுகாமில் இந்தப் படிநிலை இன்னும் கடுமையானது. அங்கே தோளில் உள்ள பட்டிதான் பேசும். அப்படிப்பட்ட இடத்தில், "சேர், பனி ஏறுகிறது, திரும்பிவிடுவோம்" என்று இளைய அதிகாரி சொல்வதையும், அதைக் கேட்டு மூத்தவர் திரும்புவதையும், பின்னர் முகாமில் யாரும் அவரைக் கோழை என்று நகைக்காதிருப்பதையும் ஒரு தரமாக எழுதி வைக்க வேண்டும். திரும்பி வந்த விமானிக்குப் பாராட்டு உண்டென்றால்தான் அடுத்தவர் திரும்புவார்.

இந்த இடத்தில் வடகிழக்கு வாசகர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பது என் காதில் விழுகிறது. விமான இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய எங்களிடம், அதே விமானப்படையின் பயிற்சி பற்றி ஏன் கவலைப்படச் சொல்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் இறந்ததை நான் மறக்கவுமில்லை, மறக்கச் சொல்லவுமில்லை. ஆனால் பயிற்சித் தரம் என்பதில் கைத்திறன் பாதிதான். எதைச் செய்யக்கூடாது என்பது மறுபாதி. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள், தம் விதிகளைப் படைப்பயிற்சியில் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. பனியில் "திரும்புவோம்" என்று சொல்லப் பழகாத வாய், தேவாலயக் கூரையைக் கண்டு "வேண்டாம்" என்று சொல்லுமா? இரண்டும் ஒரே பழக்கம். அதனால்தான் கவலைப்படச் சொல்கிறேன்.

இந்தக் கவலை எனக்கு ஏட்டளவில் இருந்த காலம் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்தில் உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பதே அரிதான தோட்டப்புறத்தில், பதுளைக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிறான். விமானப்படையில் விமானியாகச் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. ஒருநாள் அவனுடைய தாய் அவனையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, நீங்க பேப்பர்ல இருந்தவங்க. இவன் பிளேன் ஓட்டப் போறேன்னு நிக்கிறான். ஹப்புத்தளையில விழுந்தது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. அனுப்பலாமா, வேணாமா?"

நான் வாய் திறக்குமுன் அவன் சொன்னான்: "ஒழுங்கா பழக்கிக் குடுத்தா பயம் எதுக்கு சேர்?"

அவன் கேட்டது சரியான கேள்வி. அந்த 'ஒழுங்கா' என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு என்றுதான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தைப் பார்த்தால், வெளியார் யாருக்கும் பொறுப்பில்லை. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைதான் உலக விமானப் போக்குவரத்தின் அடிப்படைச் சட்டம். அதன் மூன்றாம் உறுப்புரை, அது சிவில் விமானங்களுக்கே பொருந்தும், இராணுவம், சுங்கம், பொலிஸ் ஆகிய அரச விமானங்களுக்குப் பொருந்தாது என்கிறது. சிவில் துறையில், கட்டுப்பாட்டை இழக்கும் விமானத்தை மீட்டெடுக்கும் பயிற்சி பற்றிய புதிய தரங்கள் 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, அவை எல்லா நாடுகளுக்கும் உரியவையாயின. விபத்து நேர்ந்தால் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்ற சர்வதேச விதியும் சிவில் விமானங்களுக்கு உண்டு. இராணுவ விமானிக்கு அவரவர் நாடே விதி, அவரவர் தளபதியே நீதிபதி.

பத்திரிகைத் தொழிலில் நாற்பதாண்டுகள் கழித்தவன் நான். இராணுவ விமான விபத்துக்கு மூன்று செய்திகள் வரும். விமானம் விழுந்தது என்பது முதலாவது. இறந்தவர்களுக்கு இராணுவ மரியாதை என்பது இரண்டாவது. விசாரணைக்குழு நியமனம் என்பது மூன்றாவது. என்ன கண்டறிந்தார்கள், எதை மாற்றினார்கள் என்ற நான்காவது செய்திக்காகப் பெரும்பாலும் காத்திருந்து காத்திருந்து பக்கத்தை வேறு விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவோம். விளம்பரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹப்புத்தளையில் நால்வர் இறந்த அதே 2020ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில், இராவணன் வானில் பறந்தது பற்றிய ஆவணங்கள் இருந்தால் தந்துதவுமாறு சிவில் விமானத்துறைத் தரப்பிலிருந்து பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. எல்லயில் இருப்பவன் இராவணனைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் புஷ்பக விமானத்தைப் பற்றிக் கேட்ட அளவுக்கு, விழுந்த விமானங்களைப் பற்றியும் பொதுமக்களுக்குச் சொல்லலாம் அல்லவா?

வெளியிட்டால் படையின் மானம் போய்விடும் என்பது பொய். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த இராணுவ விமானப் பாதுகாப்பு ஆணைக்குழு, 2013 முதல் 2018 வரை 198 உயிர்களும் 157 விமானங்களும் இழக்கப்பட்டதை 2020 டிசெம்பரில் பகிரங்கமாகவே எழுதியது. விமானிகள் வானில் செலவிடும் மணித்தியாலங்கள் குறைந்ததையும், சிமுலேட்டர் உண்மையான பறப்புக்கு ஈடாகாது என்பதையும் சொன்னது. இந்தியாவில் பயிற்சி விமானங்களின் குறையை 1982இலேயே லா ஃபொன்டெய்ன் குழு சுட்டிக்காட்டி, உயர்நிலைப் பயிற்சிக்கான ஜெட் விமானம் வேண்டும் என்றது. ஹோக் விமானம் விமானப்படையில் சேர்ந்தது 2008இல். இடையில் இருபத்தாறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் இளம் விமானிகள் மிதமான பயிற்சி விமானத்திலிருந்து நேரே மிக்-21 போன்ற அதிவேக விமானத்துக்குத் தாவ வேண்டியிருந்தது. தாமதத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பரிந்துரை இருந்தது வெளியே தெரிந்தபடியால், தாமதத்தைக் கேள்வி கேட்கவாவது முடிந்தது.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2020 டிசெம்பர் 15ஆம் திகதி, சீனக்குடாவிலிருந்து புறப்பட்ட பி.டி.-6 பயிற்சி விமானம் கந்தளாயில் விழுந்து பயிலுநர் ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி, சீனக்குடாவிலேயே அதே ரக விமானம் விழுந்து இருவர் இறந்தனர். 2025 மார்ச் 21ஆம் திகதி வாரியப்பொலவில் கே-8 பயிற்சி விமானம் விழுந்தது. இரு விமானிகளும் வெளியே பாய்ந்து தப்பினார்கள். அதே ஆண்டு மே 9ஆம் திகதி மாதுறு ஓயாவில் பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தனர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். விமானத்தின் வயதா, பராமரிப்பா, பயிற்றுநரா, வானிலையா என்று தெரிந்தால்தான் எந்தத் தரத்தைப் புதுப்பிப்பது என்றே தெரியும். காரணம் தெரியாமல் எழுதப்படும் பயிற்சித் தரம், நோயறியாமல் எழுதிய மருந்துச்சீட்டு.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என்று மலையகத்தவர் இருக்க முடியாது. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவில் வீதிகள் மறைந்து, தோட்டங்கள் தனித் தீவுகளாயின. நடந்தும் போக முடியாத இடங்களுக்கு ஹெலிகொப்டரே கதி. இந்தியாவிலிருந்தும் ஹெலிகொப்டர்கள் வந்தன. நவம்பர் 30ஆம் திகதி லுணுவிலவில் நிவாரணப் பணியிலிருந்த விமானப்படையின் பெல் 212 ஒன்று விழுந்து, அதன் விமானி உயிரிழந்தார். யாரோ ஒருவருடைய பிள்ளை, யாரோ சிலருடைய பசிக்காகப் பறந்தபோது இறந்தார். அவரது உடலுக்கு மரியாதை செலுத்தினோம். அடுத்து அதே வானிலையில் பறக்கப் போகும் விமானிக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை வேறு, அது பயிற்சி.

ஆகவே என் கோரிக்கை பெரியதன்று. மலையில் பறக்க வேண்டிய ஒவ்வொரு விமானியையும், கச்சான் காலத்தில் ஒருமுறை, பருவமழைக் காலத்தில் ஒருமுறை, அனுபவமுள்ள பயிற்றுநரோடு இந்த மலைகளுக்கு அழைத்து வாருங்கள். எந்த உயரத்துக்குக் கீழே போகக்கூடாது, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் எழுதி வையுங்கள். இளையவர் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். விபத்து நேர்ந்தால், படை இரகசியங்களை நீக்கிவிட்டு, காரணத்தையும் திருத்தத்தையும் மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதலில் சொன்னவை யாவும் கோப்பில் தூங்கும்.

அந்தத் தாய்க்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "அனுப்புங்கம்மா" என்றே சொன்னேன். தோட்டத்துப் பிள்ளை வானத்தை ஆசைப்படுவதைத் தடுக்க எனக்கு மனமில்லை. அவனிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்தேன். "தம்பி, அங்கே எத்தனை பேர் எத்தனை விதமாகப் பறக்கச் சொல்லிக் கொடுத்தாலும், திரும்பி வரச் சொல்லித் தருபவர் யாரென்று பார்த்து, அவரிடம் ஒட்டிக்கொள்." அவன் தலையாட்டினான். அப்படிப்பட்ட பயிற்றுநர் அவனுக்கு வாய்ப்பதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் விதியாக்குவது, அவனைச் சேர்த்துக்கொள்ளும் அரசின் கடமை.